485 லைன்ல கம்யூனிகேஷன் ஃபெயிலா? என்ன தெரியுதோ அதை வச்சு தேடுங்க

ஒரு பிஎல்சி (மிஷினை ஓட்டற கன்ட்ரோலர்), அது கீழ நாலஞ்சு டிரைவ் (மோட்டர் வேகத்தை மாத்தறது), சில எனர்ஜி மீட்டர், ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர், எல்லாம் மோட்பஸ்ல (டிவைஸுங்க பேசிக்கற மொழி) ஒரே ஜோடி வயர்ல, அதாவது ஆர்எஸ்-485 லைன்ல, தொங்கிட்டு இருக்கும். நல்லா ஓடிட்டு இருந்தது திடீர்னு ஹெச்எம்ஐல (ஆபரேட்டர் பாக்கற ஸ்க்ரீன்) கம்யூனிகேஷன் எரர் காட்டும். உடனே எல்லாரும் சந்தேகப்படறது பிஎல்சியோட கம்யூனிகேஷன் கார்டை. அதை மாத்தி, புதுசும் அதே மாதிரி நின்னதுக்கு அப்புறம் தான் டெர்மினல்ல ஸ்க்ரூடிரைவர் வைப்பாங்க. நான் பாத்த வரைக்கும் கார்டு போயிருக்கறது ரொம்ப கம்மி, முக்காவாசி டெர்மினல், கேபிள், செட்டிங், 24 வோல்ட் சப்ளை இந்த நாலுல ஏதோ ஒண்ணுல முடிஞ்சிரும். அதனால கீழ ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவாகாத காரணம் முதல்ல, செலவு வைக்கறது கடைசில. நடுவுல தாவாதீங்க.

கை வைக்கறதுக்கு முன்னாடி

ரெண்டே கேள்வி. இது என்னைக்காவது வேலை செஞ்சுதா? கடைசியா இந்த பேனலை யார் தொட்டாங்க, என்ன பண்ணாங்க? எப்பவுமே வேலை செய்யலன்னா அது பெரும்பாலும் செட்டிங் இல்ல வயரிங் தப்பு. நேத்து வரைக்கும் ஓடி இன்னைக்கு மொத்தமா நின்னா வயர், பவர், இல்ல யாரோ புதுசா எதையோ சேத்திருக்காங்க. வந்து வந்து போகுதுன்னா லூஸ் கனெக்‌ஷன், நாய்ஸ், எர்த்திங். இதை கேக்காம லேப்டாப்பை திறந்தா பாதி நாள் போயிரும்.

கைல வேண்டியது மல்டிமீட்டர் (மின்-மேக்ஸ் வசதி இருந்தா நல்லது), ஒரு யூஎஸ்பி 485 கன்வெர்டர், லேப்டாப்ல ஏதாவது ஒரு மோட்பஸ் மாஸ்டர் சாஃப்ட்வேர், சின்ன மைனஸ் ஸ்க்ரூடிரைவர், ரெண்டு 120 ஓம் ரெசிஸ்டர். கன்வெர்டர் ஐசொலேஷன் உள்ளதா வாங்குங்க, ஐசொலேஷன் இல்லாததை ஓடற பேனல்ல மாட்டி லேப்டாப் போர்ட்டை காவு குடுத்தவங்க நிறைய பேர்.

டிரைவுக்குள்ள கை வைக்கணும்னா மெயினை ஆஃப் பண்ணி லாக் போட்டு, டிரைவ் மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல எத்தனை நிமிஷம்னு இருக்கோ அவ்வளவு நேரம் காத்திருங்க. 400 வோல்ட் டிரைவ்ல டிசி பஸ் 540 வோல்ட்டுக்கு மேல இருக்கும், டிஸ்ப்ளே அணைஞ்சதும் கெபாசிட்டர் காலியாயிருச்சுன்னு அர்த்தம் இல்ல. மீட்டர் வச்சு பாத்துட்டு தான் தொடணும். அதுல பழக்கம் இல்லன்னா டிரைவ் கவரை திறக்கவே வேணாம், தெரிஞ்ச எலக்ட்ரீஷியனை கூட வச்சுக்குங்க.

இன்னொண்ணு, கம்யூனிகேஷன் கேபிள்ல டிவைஸ் மாட்டியிருக்கும்போது மெகர் (இன்சுலேஷன் டெஸ்டர்) அடிக்காதீங்க. 500 வோல்ட்டை 5 வோல்ட் சிப்புக்குள்ள விட்டா லைன்ல இருக்கற எல்லா போர்ட்டும் ஒரே நேரத்துல போயிரும்.

அறிகுறி: ஒரு ஸ்லேவ் கூட பேசல

எல்லாமே செத்துக் கிடக்குன்னா எல்லாத்துக்கும் பொதுவா இருக்கறதை பாருங்க, அதாவது மாஸ்டர் (கேள்வி கேக்கற பிஎல்சி; பதில் சொல்ற மத்த டிவைஸ் எல்லாம் ஸ்லேவ்), அதோட செட்டிங், முதல் கேபிள்.

*பாட் ரேட், பாரிட்டி, ஸ்டாப் பிட்.* மோட்பஸ் ஸ்டாண்டர்டு சொல்றது ஈவன் பாரிட்டி, பாரிட்டி இல்லன்னா 2 ஸ்டாப் பிட், ஆனா மார்க்கெட்ல பாதி டிவைஸ் 9600, பாரிட்டி இல்ல, 1 ஸ்டாப் பிட்னு தான் வருது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கான்னு மேனுவலை பாத்து இல்ல, டிவைஸ் டிஸ்ப்ளேல கண்ணால பாத்து உறுதி பண்ணுங்க. மாத்தினதுக்கு அப்புறம் பவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா தான் சில டிவைஸ் புது செட்டிங்கை எடுத்துக்கும், இதை மறந்து ஒரே பாராமீட்டரை திரும்ப திரும்ப மாத்திட்டு இருப்பாங்க.

*ஏ, பி மாறியிருக்கு.* 485 ஜோடில ரெண்டு வயருக்கும் பேர் ஏ, பி. ஒரு கம்பெனி ஏ-ன்னு போடறதை இன்னொரு கம்பெனி பி-ன்னு போடும், இதுல ஒழுங்கே கிடையாது. டி பிளஸ், டி மைனஸ்னு போட்டிருந்தா அதை நம்புங்க. இல்லன்னா ஒரு டிவைஸை மட்டும் மாஸ்டரோட வச்சு ரெண்டு வயரையும் மாத்தி போட்டு பாருங்க, மாத்தி போடறதால எதுவும் எரியாது. லைன்ல ஒரே ஒரு டிவைஸ் மட்டும் தலைகீழா இருந்தாலும் மத்ததையும் சேத்து கெடுக்க வாய்ப்பு இருக்கு, முக்கியமா அதுக்குள்ள பயாஸ் ரெசிஸ்டர் (யாரும் பேசாதப்போ லைனை ஒரு பக்கம் சாய்ச்சு வைக்கறது) இருந்தா.

*60 ஓம் டெஸ்ட்.* இது தான் என் பேவரிட். எல்லா டிவைஸையும் பவர் ஆஃப் பண்ணிட்டு மாஸ்டர் பக்கம் ஏ-க்கும் பி-க்கும் நடுவுல ஓம் பாருங்க.

60 பக்கம் வந்தா ரெண்டு முனைலயும் டெர்மினேஷன் (ஏ-க்கும் பி-க்கும் நடுவுல போடற 120 ஓம் ரெசிஸ்டர்) இருக்கு, கேபிளும் முழுசா இருக்கு. 120 வந்தா ஒண்ணு இல்ல, இல்லன்னா நடுவுல எங்கயோ வயர் விட்டிருக்கு. 40 வந்தா மூணு ரெசிஸ்டர் இருக்கு, யாரோ நடு டிவைஸ்ல டிப் ஸ்விட்ச்சை ஆன்ல விட்டிருக்காங்க. கிட்டத்தட்ட 0 வந்தா ஷார்ட். கிலோ ஓம் கணக்குல வந்தா டெர்மினேஷனே இல்ல, இல்லன்னா மாஸ்டர்ல இருந்து கிளம்பற வயரே கட்.

லைன் ரொம்ப நீளம்னா 60-க்கு கொஞ்சம் மேல காட்டும், அதை ஃபால்ட்னு நினைக்காதீங்க. 24 கேஜ் வயர்ல 500 மீட்டர் போய் வர்றதுக்கே சுமார் 84 ஓம் ஆகும், அப்போ மாஸ்டர் முனைல இருந்து பாத்தா 75 பக்கம் காட்டறது சரியான ரீடிங் தான்.

ஷார்ட்னு தெரிஞ்சா லைனை நடுவுல பிரிங்க. பாதில ஒரு டெர்மினலை கழட்டி எந்த பக்கம் ஷார்ட் இருக்குன்னு பாத்து, அந்த பக்கத்தை மறுபடி பாதியா பிரிங்க. ஒண்ணு ஒண்ணா கழட்டிட்டு போறதை விட இது சீக்கிரம் முடியும். அப்படி தேடினா அடிக்கடி சிக்கறது ஷீல்டோட ஒரு மெல்லிசு இழை. கேபிளை சீவும்போது பின்னல்ல ஒரே ஒரு முடி தப்பிச்சு டெர்மினல் பிளாக்குக்குள்ள ஏ வயரோட சேந்து உள்ள போயிருக்கும், மேல இருந்து பாத்தா தெரியாது, டார்ச் அடிச்சு சைடுல பாத்தா தான் மினுக்கும்.

*கடைசியா மாஸ்டர் போர்ட்.* பிஎல்சில இருந்து லைனை கழட்டிட்டு அந்த இடத்துல லேப்டாப் கன்வெர்டரை மாட்டி ஒரு ஸ்லேவை படிச்சு பாருங்க. லேப்டாப் படிக்குது, பிஎல்சி படிக்கலன்னா தான் பிஎல்சி பக்கம் சந்தேகம் நியாயம், அப்பவும் முதல்ல புரோகிராம்ல போர்ட் நம்பர், செட்டிங் சரியான்னு பாத்துட்டு அப்புறம் கார்டு. அதையும் ஸ்பேர் கார்டு போட்டு உறுதி பண்ணிட்டு ஆர்டர் போடுங்க.

அறிகுறி: எல்லாம் பேசுது, ஒண்ணு மட்டும் பேசல

ஸ்லேவ் அட்ரஸ் முதல்ல. 1-ல இருந்து 247 வரைக்கும் தான் செல்லும், 0-ன்னு வச்சா அது பிராட்காஸ்ட், பதிலே வராது. டிப் ஸ்விட்ச்ல அட்ரஸ் வைக்கற டிவைஸ்னா எந்த ஸ்விட்ச் 1, எது 128-ன்னு மேனுவல் படத்தை பாருங்க, தலைகீழா எண்ணியிருப்பாங்க.

அட்ரஸ் சரின்னா அதே அட்ரஸ்ல இன்னொண்ணு இருக்கான்னு பாக்கணும். ரெண்டு டிவைஸுக்கு ஒரே அட்ரஸ் இருந்தா ரெண்டும் ஒரே நேரத்துல பதில் சொல்லும், மாஸ்டருக்கு வர்றது குப்பை, சிஆர்சி எரர் (மெசேஜ் கெட்டுப்போச்சான்னு பாக்கற செக் ஃபெயில்) இல்லன்னா டைம் அவுட். கண்டுபிடிக்க சுலபமான வழி, பேசாததை பவர் ஆஃப் பண்ணிட்டு அதே அட்ரஸை படிங்க. பதில் வந்தா இன்னொருத்தன் ஒளிஞ்சிட்டு இருக்கான். புதுசா ஒரு மீட்டர் சேத்த மறுநாள் இது வந்தா வேற எங்கயும் தேட வேணாம், புது மீட்டர் ஃபேக்டரி அட்ரஸ் 1-லயே வந்திருக்கும்.

அதுவும் இல்லன்னா அந்த டிவைஸ் டெர்மினல். வயரை பிடிச்சு லேசா இழுங்க, நல்லா இழுக்கணும்னு இல்ல. ஸ்க்ரூ டைட்டா இருந்தும் வயர் கைல வந்தா ஃபெரூல் (வயர் முனைல அழுத்தற மெட்டல் குழாய்) சரியா பிடிக்கல. இன்னும் மோசமானது, வயரோட இன்சுலேஷன் மேலயே ஸ்க்ரூ உக்காந்திருக்கும், இழுத்தா வராது, கான்டாக்டும் இருக்காது. அதனால இழுத்து பாத்தது போதாது, டெர்மினலோட மெட்டல் பாகத்துல இருந்து பக்கத்து டிவைஸ் டெர்மினலோட மெட்டல் பாகம் வரைக்கும் கன்டினியூட்டி பாருங்க.

டிரைவ்ல ஆர்ஜே45 சாக்கெட் இருந்தா ஒரு விஷயம். பாக்க நெட்வொர்க் போர்ட் மாதிரியே இருக்கும், ஆனா நிறைய டிரைவ்ல அது 485-ம் கீபேட் சப்ளையும் வர்ற போர்ட். எந்த பின்ல ஏ, பி இருக்குன்னு மேனுவல்ல பாத்துட்டு கேபிள் அடிங்க, அதை கொண்டு போய் ஸ்விட்ச்ல மட்டும் சொருகாதீங்க.

இவ்வளவும் சரியா இருந்து, அந்த டிவைஸை தனியா கழட்டி டேபிள்ல வச்சு லேப்டாப்ல படிச்சும் பதில் இல்லன்னா அதோட போர்ட் போயிருக்கு. அப்போ தான் சர்வீஸ்.

அறிகுறி: லைன் கடைசில இருக்கறது மட்டும் விட்டு விட்டு வருது

டெர்மினேஷன் ரெண்டு முனைல மட்டும் தான் இருக்கணும். மாஸ்டர் நடுவுல உக்காந்திருந்தா மாஸ்டர்ல டெர்மினேஷன் வரக்கூடாது, இதை நிறைய பேர் தப்பா பண்றாங்க, மாஸ்டர்னாலே ஆன் பண்ணி விட்ருவாங்க.

அடுத்தது கேபிள் போற பாதை. பேனல்ல இருந்து நாலு திசைக்கு நாலு கேபிள் ஸ்டார் மாதிரி போட்டிருந்தா ஒரு பாட் ரேட்ல ஓடும், ஒரு டிவைஸ் கூட சேத்ததும் நிக்கும். ஒண்ணுல இருந்து அடுத்தது, அதுல இருந்து அதுக்கு அடுத்ததுன்னு சங்கிலியா தான் போகணும். மாத்தி இழுக்க முடியாத நிலைமைன்னா பாட் ரேட்டை 9600-க்கோ 4800-க்கோ இறக்கி பாருங்க, ஓடிச்சுன்னா காரணம் கேபிள் பாதை தான்னு உறுதி, அப்புறம் ஒரு 485 ஹப் ரிப்பீட்டர் போட்டு கிளை கிளையா பிரிச்சுக்கலாம்.

நீளம் 1200 மீட்டருக்கு மேல போச்சா, லைன்ல 32 டிவைஸுக்கு மேல இருக்கா? இப்ப வர்ற சிப்கள்ல நிறைய கால் லோடு, அரைக்கால் லோடு வகை, அதனால 32-க்கு மேலயும் ஓடும், ஆனா பழைய டிவைஸும் புதுசும் கலந்திருந்தா அந்த கணக்கை நம்பாதீங்க, ரிப்பீட்டர் போடுங்க.

பயாஸ். யாரும் பேசாம இருக்கும்போது, அதாவது போலிங்கை (மாஸ்டர் ஒவ்வொருத்தரையா கேக்கறதை) நிறுத்திட்டு, ஏ-க்கும் பி-க்கும் நடுவுல டிசி வோல்ட் பாருங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல இருக்கணும். 0.02, 0.05-ன்னு காட்டினா லைன் எந்த பக்கமும் சாயாம அந்தரத்துல தொங்குது, சின்ன நாய்ஸும் ஒரு பைட் மாதிரி தெரியும். மாஸ்டர்ல பயாஸ் டிப் ஸ்விட்ச் இருந்தா ஆன் பண்ணுங்க, ஒரே இடத்துல மட்டும். இல்லன்னா 5 வோல்ட்ல இருந்து பிளஸ் லைனுக்கு 560 ஓம், மைனஸ் லைன்ல இருந்து காமனுக்கு (சிக்னல் கிரவுண்டுக்கு) 560 ஓம், ரெண்டு டெர்மினேஷன் இருக்கற லைன்ல சுமார் 0.25 வோல்ட் கிடைக்கும்.

அறிகுறி: மோட்டர் ஓடினா மட்டும் கட் ஆகுது

இது தான் ஆளை சுத்த விடறது. மிஷின் நிக்கும்போது போய் செக் பண்ணா எல்லாம் பச்சையா இருக்கும், நீங்க கிளம்பினதும் போன் வரும். அதனால மிஷின் ஓடும்போது தான் பாக்கணும், புரொடக்‌ஷன் ஆளுங்க கிட்ட முன்னாடியே சொல்லி வச்சு ஒவ்வொரு டிரைவா ஸ்டார்ட் பண்ண சொல்லுங்க, பிஎல்சில எரர் கவுன்ட்டர் எப்ப ஏறுதுன்னு பாருங்க. எந்த மோட்டர் ஸ்டார்ட் ஆனா ஏறுதுன்னு பிடிச்சிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

*ஸ்டார்ட், ஸ்டாப் ஆகற அந்த நொடில மட்டும் எரர்* வருதா? டிரைவை விட கான்டாக்டர் மேல சந்தேகம். கான்டாக்டர் காயில்ல சப்ரெஷன் (ஸ்பைக்கை அடக்கற பாகம்) இல்லன்னா ஒவ்வொரு தடவை விடும்போதும் ஒரு ஸ்பைக் அடிக்கும். ஏசி காயிலுக்கு ஆர்சி ஸ்னப்பர், டிசி காயிலுக்கு டையோடு. டையோடு போட்டா காயில் விடறது கொஞ்சம் லேட் ஆகும், எமர்ஜென்சி ஸ்டாப் சர்க்யூட்ல இருக்கற கான்டாக்டர்னா கம்பெனி குடுக்கற சப்ரெஸரையே போடுங்க, உங்க இஷ்டத்துக்கு மாத்தாதீங்க. விலை குறைவு, அஞ்சு நிமிஷ வேலை, இதை பண்ணாம ஷீல்டு கேபிள் மாத்தறவங்களை பாத்தா தான் வருத்தமா இருக்கும்.

*ஓடற வரைக்கும் எரர்* வந்துட்டே இருந்தா டிரைவ் அவுட்புட் நாய்ஸ். ட்ரேயை திறந்து பாருங்க, கம்யூனிகேஷன் கேபிளும் மோட்டர் கேபிளும் டை போட்டு ஒட்டி படுத்திருக்கும், அழகா டிரஸ் பண்ணியிருக்காங்கன்னு பாராட்டு கூட வாங்கியிருப்பாங்க. பிரிங்க. குறைஞ்சது 20-30 சென்டிமீட்டர் தள்ளி போகட்டும், குறுக்க போக வேண்டி வந்தா 90 டிகிரில குறுக்க போகட்டும். ட்ரேல இடம் இல்லன்னா சோதனைக்கு ஒரு புது கேபிளை தரைல போட்டு இழுத்து, டிரைவை ஓட்டி பாருங்க, எரர் நின்னுச்சுன்னா அப்புறம் நிரந்தரமா பாதை மாத்தற செலவுக்கு மேனேஜ்மென்ட் கிட்ட தைரியமா கேக்கலாம்.

கேபிள் டிவிஸ்டட் பேர் தானா? ஷீல்டு மட்டும் இருந்து முறுக்கு இல்லாத சாதா கன்ட்ரோல் கேபிள்ல ஓட்டிட்டு இருப்பாங்க. முறுக்கு இருக்கற கேபிள்லயும் ஏ ஒரு ஜோடில, பி இன்னொரு ஜோடில போட்டிருந்தா முறுக்கி பிரயோஜனம் இல்ல, கலர் கோடை பாத்து ஒரே ஜோடில இருக்கான்னு உறுதி பண்ணுங்க.

ஷீல்டு விஷயத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க, ரெண்டு முனையும் எர்த் பண்ணணும், ஒரு முனை போதும்னு. 485 லைனுக்கு நான் மாஸ்டர் பக்கம் ஒரே முனைல எர்த் பண்ணி ஆரம்பிப்பேன், நடுவுல ஒவ்வொரு டிவைஸ்லயும் ஷீல்டை ஒண்ணோட ஒண்ணு சேத்துட்டு போகணும், விடக்கூடாது. அதோட எரர் நிக்கலன்னா, பிளான்ட் முழுக்க எர்த் நல்லா கட்டியிருந்தா ரெண்டு முனையும் போட்டு பாக்கலாம். ஆனா டிரைவுக்கும் மோட்டருக்கும் நடுவுல இருக்கற பவர் கேபிள் ஷீல்டு வேற கதை, அது ரெண்டு முனைலயும், அதுவும் சுத்தி முழுசா கிளாம்ப் போட்டு எர்த் ஆகணும். ஷீல்டை முறுக்கி ஒரு நீள வால் மாதிரி விட்டு எர்த் பண்ணியிருந்தா பாதி பலன் போச்சு.

மூணாவது வயர். மோட்பஸ் ஸ்டாண்டர்டுலயே காமன் வயர் இருக்கணும்னு இருக்கு, ஆனா ரெண்டு வயர் போதும்னு விட்ருவாங்க. ரெண்டு பேனலோட காமனுக்கும் நடுவுல மீட்டர் வச்சு ஏசி, டிசி ரெண்டும் பாருங்க. சிப் தாங்கறது மைனஸ் 7-ல இருந்து பிளஸ் 12 வோல்ட் வரைக்கும் தான். மோட்டர் ஓடும்போது அங்க அஞ்சாறு வோல்ட் தெரிஞ்சுதுன்னா காரணம் கிடைச்சாச்சு, காமன் வயர் இழுங்க, ஐசொலேட்டட் ரிப்பீட்டர் போடுங்க. இருபது முப்பது வோல்ட் தெரிஞ்சா காமனை நேரடியா சேக்காதீங்க, அந்த வயர்ல கரன்ட் ஓடும். அது கம்யூனிகேஷன் பிரச்சனையே இல்ல, எர்த்திங் பிரச்சனை, அங்க நிறுத்திட்டு எர்த்திங் தெரிஞ்ச எலக்ட்ரிக்கல் ஆளை கூப்பிடுங்க.

எல்லாம் பண்ணியும் மிச்சம் இருந்தா டிரைவ்ல கேரியர் ஃப்ரீக்வன்சியை (அவுட்புட்டை ஸ்விட்ச் பண்ற வேகம்) 8-ல இருந்து 4 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி பாருங்க, மோட்டர் சத்தம் கூடும், நாய்ஸ் குறையும். அதுக்கு அப்புறம் தான் அவுட்புட் சோக், ஈஎம்சி ஃபில்டர், கடைசில ஃபைபர் கன்வெர்டர். அந்த லெவலுக்கு போகணும்னா ஆசிலோஸ்கோப் வச்சு பாக்க தெரிஞ்ச டிரைவ் சர்வீஸ் ஆளு வந்து பாத்துட்டு சொல்லட்டும், சும்மா ஃபில்டர் வாங்கி போட்டு பாக்கறது காசுக்கு கேடு.

அறிகுறி: பேசுது, ஆனா வேல்யூ அபத்தமா இருக்கு

இதுல வயரை தொடவே வேணாம். மோட்பஸ்ல சிஆர்சி செக் இருக்கு, நாய்ஸால கெட்டுப்போன மெசேஜை அது தூக்கி போட்ரும். வேல்யூ தப்பா வருதுன்னா நீங்க படிக்கற விதம் தான் தப்பு.

பக்கத்து வேல்யூ வருதா, அதாவது வோல்டேஜ் கேட்டா கரன்ட் வருதா? அட்ரஸ் ஒண்ணு தள்ளியிருக்கு. மேனுவல்ல 40001-ன்னு போட்டிருந்தா லைன்ல போற அட்ரஸ் 0. சில சாஃப்ட்வேர் தானா ஒண்ணை கழிக்கும், சிலது கழிக்காது.

10 மடங்கு, 100 மடங்கு கூட இருக்கா? ஸ்கேலிங். 5000-ன்னு வந்தா அது 50.00 ஹெர்ட்ஸ்.

65531 மாதிரி 65536-க்கு கிட்ட வருதா? அது மைனஸ் 5, சைன்டு இன்டிஜரா படிக்கணும்.

0.000 இல்லன்னா கன்னாபின்னா நம்பர் வருதா? 32 பிட் ஃப்ளோட் (புள்ளி வச்ச நம்பர்), அதோட ரெண்டு ரெஜிஸ்டர் (ஒவ்வொண்ணும் 16 பிட்) இடம் மாறியிருக்கு. மீட்டர் டிஸ்ப்ளேல சரியா 230.0 வோல்ட் இருக்கும்போது ரெண்டு ரெஜிஸ்டரையும் சும்மா இன்டிஜரா படிச்சா 17254, 0-ன்னு வரணும். 0, 17254-ன்னு வந்தா வேர்டு ஸ்வாப் பண்ணுங்க. ரெண்டும் இல்லாம வேற ஏதோ வந்தா ஒவ்வொரு ரெஜிஸ்டருக்குள்ளயும் பைட் மாறியிருக்கான்னு பாருங்க, அது அபூர்வம்.

எக்ஸெப்ஷன் கோடு (டிவைஸ் திருப்பி அனுப்பற எரர் நம்பர்) வந்தா சந்தோஷப்படுங்க, டிவைஸ் உயிரோட இருக்கு, வயரும் சரி. 01 வந்தா அந்த ஃபங்ஷன் கிடையாது, ஃபங்ஷன் 03-க்கு பதில் ஃபங்ஷன் 04 போட்டு பாருங்க. 02 வந்தா அந்த அட்ரஸ் இல்ல, இல்லன்னா கேட்ட நீளம் அதை தாண்டிருச்சு. 03 வந்தா எழுதற வேல்யூ, இல்லன்னா கேட்ட ரெஜிஸ்டர் எண்ணிக்கை ஒத்து வரல, ஒரே தடவைல 125 ரெஜிஸ்டருக்கு மேல கேக்க முடியாது.

அறிகுறி: எல்லாம் வருது, ஆனா ரொம்ப லேட்டா அப்டேட் ஆகுது

கணக்கு போட்டு பாருங்க. 9600-ல ஒரு பைட்டுக்கு சுமார் 1 மில்லிசெகண்ட். 10 ரெஜிஸ்டர் படிக்க கேள்வி 8 பைட், பதில் 25 பைட், ஆக 33-34 மில்லிசெகண்ட், டிவைஸ் யோசிக்கற நேரமும் சேத்தா 60 பக்கம். 20 டிவைஸ்னா ஒரு சுத்துக்கு 1.2 செகண்ட். இதுக்கு மேல வேகம் வேணும்னா பாட் ரேட் ஏத்தணும், இல்ல லைனை ரெண்டா பிரிக்கணும், வேற மந்திரம் இல்ல.

கணக்குக்கு மேல லேட் ஆச்சுன்னா எங்கயோ செத்த ஸ்லேவ் ஒண்ணை போலிங் லிஸ்ட்ல விட்டிருக்காங்க. டைம் அவுட் 1 செகண்ட், ரீட்ரை 3-ன்னு இருந்தா அந்த ஒருத்தனுக்காக ஒவ்வொரு சுத்துலயும் 4 செகண்ட் எல்லாரும் காத்திருக்கணும். கழட்டி வச்ச டிவைஸை லிஸ்ட்ல இருந்து எடுங்க, டைம் அவுட்டை 200-300 மில்லிசெகண்டுக்கு இறக்குங்க. ஒரு ஒரு ரெஜிஸ்டரா தனித்தனியா கேக்கறதை சேத்து ஒரே பிளாக்கா கேளுங்க. லேப்டாப்ல மட்டும் லேட்டுன்னா கன்வெர்டர் டிரைவர் செட்டிங்ல லேட்டன்சி டைமர் பாருங்க, எஃப்டிடிஐ சிப்ல டீஃபால்ட் 16 மில்லிசெகண்ட், 1-க்கு இறக்கலாம்.

அறிகுறி: ஈதர்நெட் பக்கம் பிரச்சனை

*லிங்க் லைட் எரியல.* கேபிளை மாத்துங்க, ஸ்விட்ச்ல வேற போர்ட் மாத்துங்க, ஸ்விட்சோட 24 வோல்ட் பாருங்க. 100 மீட்டர் தாண்டியிருந்தா நடுவுல ஸ்விட்ச் இல்ல ஃபைபர். அதிர்ற மிஷின் மேல இருக்கற சாதா ஆர்ஜே45 பிளக் கொஞ்ச நாள்ல லூஸ் ஆகும், கிளிப் உடைஞ்சதை டேப் ஒட்டி வச்சிருப்பாங்க, அந்த இடத்துக்கு எம்12 கனெக்டர் தான் சரி.

*லைட் எரியுது, பிங் போகல.* லேப்டாப் ஐபி 169.254-ல ஆரம்பிச்சா ஐபியே கிடைக்கலன்னு அர்த்தம், கைல போடுங்க. பிஎல்சி 192.168.1.10, லேப்டாப் 192.168.0.50, மாஸ்க் 255.255.255.0-ன்னா ஒண்ணை ஒண்ணு பாக்காது.

*சில நேரம் பிங் போகுது, சில நேரம் இல்ல.* டூப்ளிகேட் ஐபி. பிஎல்சியோட நெட்வொர்க் கேபிளை கழட்டிட்டு அதே ஐபிக்கு பிங் போடுங்க, பதில் வந்தா வேற யாரோ அந்த நம்பர்ல இருக்காங்க. ஏஆர்பி டேபிள்ல (எந்த ஐபி எந்த மேக் அட்ரஸ்னு லேப்டாப் வச்சிருக்கற லிஸ்ட்) மேக் அட்ரஸை பாத்தா முதல் பாதில எந்த கம்பெனி டிவைஸ்னு தெரியும், தேட சுலபம்.

*பிங் போகுது, டேட்டா வரல.* மோட்பஸ் டிசிபி போர்ட் 502 திறந்திருக்கா, நடுவுல ஃபயர்வால் தடுக்குதா? சின்ன பிஎல்சில ஒரே நேரத்துல இத்தனை கனெக்‌ஷன் தான்னு லிமிட் இருக்கும், ஹெச்எம்ஐ, ஸ்கேடா, யாரோ திறந்து விட்டுட்டு போன லேப்டாப் எல்லாம் சேந்து அதை நிரப்பியிருக்கும். புரொஃபிநெட்ன்னா (ஈதர்நெட்ல ஓடற இன்னொரு புரோட்டோகால்) ஐபியை விட டிவைஸ் நேம் முக்கியம், புதுசா மாத்தின டிவைஸுக்கு நேம் குடுக்காம ஓடாது.

*லோடு ஏறினா மட்டும் இழுக்குது.* ஒரு பக்கம் 100 ஃபுல் டூப்ளெக்ஸ்னு ஃபிக்ஸ் பண்ணி, இன்னொரு பக்கம் ஆட்டோல விட்டா ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிரும். ரெண்டையும் ஆட்டோ வைங்க, இல்ல ரெண்டையும் ஃபிக்ஸ் பண்ணுங்க.

*ஸ்விட்ச்ல எல்லா லைட்டும் சேந்து வெறி பிடிச்ச மாதிரி அடிக்குது, மொத்த நெட்வொர்க்கும் நின்னுருச்சு.* யாரோ சும்மா தொங்கிட்டு இருந்த கேபிளோட ரெண்டு முனையையும் ஒரே நெட்வொர்க்ல சொருகியிருக்காங்க, லூப். ஒவ்வொண்ணா கழட்டுங்க, எதை கழட்டினதும் அமைதி ஆகுதோ அது தான். மேனேஜ்டு ஸ்விட்ச், விலான் பிரிக்கறதுன்னு போகணும்னா நெட்வொர்க் தெரிஞ்ச ஆளு வேணும், ஆபீஸ் நெட்வொர்க்கோட கலந்து கிடந்தா கண்டிப்பா.

அறிகுறி: பிஎல்சி, ஸ்விட்ச், டிவைஸ் எல்லாம் தானா ரீஸ்டார்ட் ஆகுது

கம்யூனிகேஷன் கட் ஆகுதுன்னு கம்ப்ளெயின்ட் வரும், ஆனா உண்மைல டிவைஸே ஒரு நொடி செத்து எழுந்திருக்கும். அப்டைம் கவுன்ட்டர், பவர் ஆன் லாக் இருந்தா அதை பாத்துட்டு ஆரம்பிங்க.

24 வோல்ட்டை எஸ்எம்பிஎஸ் (24 வோல்ட் குடுக்கற பவர் சப்ளை) கிட்ட மட்டும் பாத்துட்டு விடாதீங்க, அங்க பெரும்பாலும் 24 தான் இருக்கும். கடைசி டிவைஸ் டெர்மினல்ல, எல்லா அவுட்புட்டும் ஆன்ல இருக்கும்போது, மீட்டரை மின்-மேக்ஸ்ல போட்டு ஒரு ஷிஃப்ட் விட்டுட்டு வாங்க. நிறைய பிஎல்சி 20.4 வோல்ட் வரைக்கும் தான் தாங்கும். 1 ஸ்கொயர் எம்எம் வயர் 50 மீட்டர் தூரம் போய் வந்தா சுமார் 1.8 ஓம், அதுல 2 ஆம்பியர் ஓடினா 3.6 வோல்ட் போச்சு, மிச்சம் சரியா 20.4. இன்னொரு சாலினாய்டு ஆன் ஆனா அவ்வளவு தான். வயரை தடிமனா மாத்துங்க, இல்ல அந்த பக்கமே ஒரு தனி எஸ்எம்பிஎஸ் வைங்க. மின்-மேக்ஸ் பிடிக்க முடியாத அளவுக்கு ஒரு கண நேர டிப்பும் வரும், அதனால மீட்டர்ல நல்லா இருந்தும் ரீஸ்டார்ட் நிக்கலன்னா பிஎல்சிக்கும் வால்வுகளுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை பிரிச்சு குடுத்து பாருங்க.

வயர், லோடு ரெண்டும் சரி, எஸ்எம்பிஎஸ் டெர்மினல்லயே இறங்குதுன்னா அது வயசாயிருச்சு. சூடான பேனல்ல உள்ள கெபாசிட்டர் காயும். மாத்தும்போது அதே ஆம்பியர் வாங்காம கொஞ்சம் கூட எடுங்க.

அறிகுறி: இடி மழைக்கு அப்புறம் பல டிவைஸ் ஒரே நேரத்துல பேசல

பவரை ஆஃப் பண்ணி லைனை கழட்டிட்டு ஒவ்வொரு டிவைஸ் போர்ட்லயும் ஏ-ல இருந்து காமனுக்கும், பி-ல இருந்து காமனுக்கும் ஓம் பாருங்க, அதே மாடல் நல்ல டிவைஸோட ஒப்பிடுங்க. நல்லதுல கிலோ ஓம் இருந்து இதுல சில ஓம் மட்டும் காட்டினா போர்ட் எரிஞ்சிருச்சு. எரிஞ்சதை லைன்ல இருந்து எடுத்தாலே மத்ததெல்லாம் எழுந்துக்க வாய்ப்பு இருக்கு, ஷார்ட் ஆன ஒரு போர்ட் எல்லாரையும் சேத்து பிடிச்சு வச்சிருக்கும்.

கட்டடத்துக்கு வெளிய போற கேபிள்னா ரெண்டு பக்கமும் 485 சர்ஜ் ப்ரொடெக்டர் போடணும், ஆனா அது எர்த்தை நம்பி தான் வேலை செய்யும். எர்த் பிட் ரெசிஸ்டன்ஸ் அளக்கறது, பேனலுக்கு பேனல் எர்த் சேக்கறது மல்டிமீட்டர் வேலை இல்ல, எர்த் டெஸ்டர் வச்சிருக்கற லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் கன்ட்ராக்டரை கூப்பிடுங்க. அவர் வந்து அளந்து குடுக்கற வரைக்கும் புது டிவைஸை அந்த வெளி கேபிள்ல மாட்ட வேணாம்.